நடையும் ஆயுளும்: புள்ளிவிபரங்களை எவ்வளவு தூரம் நம்பலாம்?

பத்திரிகைகளின் சுகாதாரப் பக்கங்களில் ஓயாது இடம்பிடிக்கும் செய்திகளுள் நடைப்பயிற்சி பற்றியவை முதன்மையானவை. 2025ஆம் ஆண்டில் லான்செட் குழுமத்தின் பொதுச் சுகாதார சஞ்சிகையில் வெளியான ஆய்வொன்றை உலகெங்குமுள்ள ஊடகங்கள் பெரிதாக வெளியிட்டன. நாளொன்றுக்கு 2,000 அடிகள் நடப்போருடன் ஒப்பிடுகையில், 7,000 அடிகள் நடப்போருக்கு மரண ஆபத்து 47 சதவீதம் குறைவு என்பதே அச்செய்தியின் சாரம்.

இதனை வாசிக்கும் சாதாரண மனிதர் என்ன விளங்கிக்கொள்வார்? நடந்தால் ஏறக்குறைய பாதி மரணத்தைத் தள்ளிப்போடலாம் என்றே விளங்கிக்கொள்வார். ஆனால், பிறந்த எவருக்கும் மரணம் நூறு சதவீதம் நிச்சயமானது. அவ்வாறிருக்க 47 சதவீதம் குறைவு என்பதன் பொருள் என்ன? எத்தனை ஆண்டுகளுக்குள் குறைவு? யாரை யாருடன் ஒப்பிட்டுக் கூறப்படுகிறது? நடந்தமையால் நீண்டகாலம் வாழ்ந்தார்களா, அல்லது நீண்டகாலம் வாழக்கூடிய உடல்நிலை இருந்தமையால் நடந்தார்களா? இக்கேள்விகளுக்கு எழுபது ஆண்டுகால வரலாறு உண்டு. அவ்வரலாற்றை ஓரளவு அறிந்துகொண்டால், இத்தகைய செய்திகளை எவ்வாறு வாசிப்பது என்பதும் தெளிவாகும்.

இலண்டன் பஸ் வண்டிகளில் தொடங்கிய கதை

இரண்டாம் உலகப்போர் முடிவடைந்த காலப்பகுதியில் பிரித்தானியாவில் மாரடைப்பு மரணங்கள் வேகமாக அதிகரித்துக்கொண்டிருந்தன. காரணம் எவருக்கும் தெளிவாகத் தெரியவில்லை. அங்குள்ள மருத்துவ ஆராய்ச்சிப் பேரவையின் சமூக மருத்துவப் பிரிவுக்குத் தலைமை தாங்கிய வைத்தியர் ஜெரி மொறிஸ், போர்க்காலத்தில் இந்தியாவிலும் பர்மாவிலும் இராணுவ வைத்தியராகப் பணியாற்றியவர். மனிதர் செய்யும் தொழிலுக்கும் மாரடைப்புக்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்று அவர் கருதினார்.

அதனைச் சோதிப்பதற்கு அவர் தெரிந்தெடுத்தது இலண்டன் போக்குவரத்துச் சேவையின் ஊழியர்களை. இரட்டைத்தட்டு பஸ்ஸில் சாரதியும் நடத்துனரும் ஒரே வண்டியில் ஒரே வீதிகளில் பயணம் செய்கின்றனர். சமூகப் பின்னணியும் ஏறத்தாழ ஒன்றே. ஆனால், சாரதி தமது வேலைநேரத்தில் பெரும்பகுதியை உட்கார்ந்தே கழிக்கிறார். நடத்துனரோ பயணச்சீட்டு வழங்குவதற்காக நாள்தோறும் நூற்றுக்கணக்கான படிகளில் ஏறி இறங்குகிறார். இலண்டனில் பாவித்த அத்தகைய வண்டிகளை இலங்கைப் போக்குவரத்துச் சபை வாங்கிக் கொழும்பு வீதிகளிலும் ஓடவிட்டிருந்தமையால், மூத்த வாசகர்களுக்கு அந்த ஏணிப்படியின் அமைப்பை விபரிக்க வேண்டியதில்லை.

35 வயதுக்கும் 64 வயதுக்கும் இடைப்பட்ட சுமார் 31,000 ஊழியர்களை உள்ளடக்கிய அந்த ஆய்வின் முடிவுகள் 1953ஆம் ஆண்டு 'லான்செட்' மருத்துவ சஞ்சிகையில் வெளியாகின. ஆண்டொன்றுக்கு ஆயிரம் சாரதிகளில் 2.7 பேருக்கு இருதய நோய் ஏற்பட்டது. நடத்துனர்கள் மத்தியில் அது ஆயிரத்துக்கு 1.9 ஆக இருந்தது. தபாற்காரர்களையும், தபால் திணைக்களத்தில் உட்கார்ந்து பணிபுரியும் ஊழியர்களையும் ஒப்பிட்டபோதும் இதே போக்குத் தென்பட்டது. உடலுழைப்புக்கும் இருதய நலனுக்கும் தொடர்பு உண்டென்று எண்களைக்கொண்டு காட்டிய முன்னோடி ஆய்வு இதுவே எனலாம்.

இங்கு ஒரு நிமிடம் நிற்பது நல்லது. இதே முடிவை ஒரு பத்திரிகை "மாரடைப்பு ஆபத்து 30 சதவீதம் குறைவு" என்று எழுதலாம். இன்னொரு பத்திரிகை "ஆயிரம் பேரில் ஆண்டுக்கு ஒருவருக்கும் குறைவான வித்தியாசம்" என்று எழுதலாம். இரண்டுமே உண்மை. முதலாவது தலைப்பாகும், இரண்டாவது ஆகாது. சுகாதாரச் செய்திகளைப் பொறுத்தவரை வாசகரை ஏமாற்றுவதற்குப் பொய் சொல்லவேண்டிய அவசியமே இல்லை. இரண்டு உண்மைகளில் ஒன்றை மாத்திரம் சொன்னாலே போதும்.

காற்சட்டையின் சுற்றளவு

மொறிஸின் பெருமை அவரது முதலாவது முடிவில் மாத்திரம் தங்கியிருக்கவில்லை. தமது முடிவைத் தாமே சந்தேகித்தார் என்பதிலேயே அது பெரிதும் தங்கியிருக்கிறது. சாரதிகளும் நடத்துனர்களும் வேலையில் சேரும்போதே வேறுபட்டவர்களாக இருந்திருந்தால் என்ன செய்வது என்ற கேள்வி அவருக்கு எழுந்தது. அதற்கான விடை போக்குவரத்துச் சேவையின் சீருடைப் பதிவேடுகளில் கிடைத்தது. ஊழியர்களுக்குச் சீருடை தைப்பதற்காக எடுக்கப்பட்ட அளவுகள் அங்கே இருந்தன. அவற்றை ஆராய்ந்தபோது, ஒரே வயதும் ஒரே உயரமும் கொண்டவர்களிடையேயும் சாரதிகளின் காற்சட்டை இடுப்பளவு நடத்துனர்களுடையதைவிட அதிகமாக இருந்தது. இளவயதுச் சாரதிகளிடத்திலும் அந்த வேறுபாடு காணப்பட்டது.

அதாவது, பருமனான உடல்வாகு கொண்டவர்கள் சாரதி ஆசனத்தையும், ஒல்லியானவர்கள் நடத்துனர் வேலையையும் நாடிச் சென்றிருக்கக்கூடும். அவ்வாறாயின் மாரடைப்பு வேறுபாட்டின் ஒரு பகுதிக்குப் படிகள் காரணமல்ல. இக்கண்டுபிடிப்பை மொறிஸ் மறைக்கவில்லை. 1956ஆம் ஆண்டு அதே லான்செட்டில் அதனையும் வெளியிட்டார். பின்னர் இரத்த அழுத்தத்தையும் கொழுப்பின் அளவையும் சேர்த்து ஆராய்ந்து 1966இல் மேலும் ஒரு கட்டுரை எழுதினார். உடல்வாகைக் கணக்கிலெடுத்த பின்னரும் நடத்துனர்களுக்குச் சாதகமான வேறுபாடு நீடித்தது. ஆனால், 'படி ஏறுவதே காரணம்' என்று எளிதாகச் சொல்லிவிடக்கூடிய நிலைமை அதன் பின்னர் இருக்கவில்லை.

பின்னாளில் அவர் பிரித்தானிய அரசாங்க உத்தியோகத்தர்களிடம் நடத்திய ஆய்வுகளில் வேறொரு விடயம் வெளிப்பட்டது. கடுமையான உடற்பயிற்சியில் ஈடுபட்டவர்களிடமே இருதய நோய் தெளிவாகக் குறைந்திருந்தது. நடையைப் பொறுத்தவரை, வேகமாக நடந்தவர்களிடமே பயன் தென்பட்டது. ஆறுதலாக நடந்தவர்களிடம் குறிப்பிடத்தக்க நன்மை காணப்படவில்லை. நடைப்பயிற்சியைப் பரிந்துரைக்கும் கட்டுரைகள் அவரது பஸ் ஆய்வை மேற்கோள் காட்டுமளவுக்கு இதனைக் காட்டுவதில்லை.

மலைவாழ் முதியோரும் பிறப்பத்தாட்சிப் பத்திரமும்

நடையால் ஆயுள் நீளுமா என்று அறிவதற்கு நடையை மாத்திரமன்றி ஆயுளையும் சரியாக அளக்கவேண்டும். அது எவ்வளவு கடினமானது என்பதற்கு 1970களில் நிகழ்ந்த ஒரு விவகாரம் நல்ல உதாரணம்.

ஹாவார்ட் மருத்துவப் பேராசிரியர் அலெக்சாண்டர் லீஃப், நூறு வயதைத் தாண்டியோர் நிறைந்திருப்பதாகக் கூறப்பட்ட மூன்று இடங்களுக்குச் சென்றார். ஈக்குவடோரின் வில்கபம்பா, பாகிஸ்தானின் ஹுன்சா பள்ளத்தாக்கு, சோவியத் ஒன்றியத்தின் அப்காசியா என்பனவே அவை. மூன்றும் மலைப்பாங்கான பிரதேசங்கள். முதியோர் நாள்தோறும் செங்குத்தான பாதைகளில் ஏறி இறங்கி வேலை செய்தனர். எளிய உணவும் மலையேறி நடக்கும் வாழ்க்கையுமே அவர்களது நீண்ட ஆயுளின் காரணங்களாகப் பேசப்பட்டன. 1973 ஜனவரியில் 'நஷனல் ஜியோகிரபிக்' சஞ்சிகையில் லீஃபின் கட்டுரை வெளியாகி உலகெங்கும் பெரும் பரபரப்பை ஏற்படுத்தியது.

ஆனால், மீண்டும் வில்கபம்பா சென்றபோது லீஃபுக்குச் சந்தேகம் பிறந்தது. இடையில் கழிந்த ஆண்டுகளைவிட முதியவர் ஒருவரின் வயது கூடுதலாக அதிகரித்திருந்தது. பின்னர் றிச்சர்ட் மசெஸ், சில்வியா ஃபோர்மன் என்ற இரு ஆய்வாளர்கள் தேவாலயப் பதிவேடுகளையும் குடும்ப விபரங்களையும் ஒப்பிட்டு ஆராய்ந்தனர். 1979இல் வெளியான அவர்களது முடிவின்படி, வில்கபம்பாவில் நூறு வயதைத் தாண்டியவர் ஒருவர்கூட இருக்கவில்லை. நூறு வயதைக் கடந்ததாகக் கூறிக்கொண்டவர்களின் உண்மையான சராசரி வயது 86. அவர்களுள் மூத்தவருக்கு 96. ஒரே குடும்பத்தில் ஒரே பெயர் மீண்டும் மீண்டும் சூட்டப்பட்டமையால் பதிவேடுகளில் ஆட்கள் மாறிப்போயிருந்தனர். முதுமைக்குக் கிடைத்த மதிப்பும் வயதைக் கூட்டிச்சொல்லத் தூண்டியிருந்தது. லீஃப் இம்முடிவை ஏற்றுக்கொண்டார்.

கோகேசிய மலைப்பிரதேசத்தின் கதையும் இத்தகையதே. முதலாம் உலகப்போரில் படைக்கு ஆள்சேர்ப்பதிலிருந்து தப்புவதற்காகத் தந்தையின் ஆவணங்களைப் பயன்படுத்தியவர்கள் இருந்தனர் என்றும், ஜோர்ஜியரான ஸ்டாலினின் ஆட்சிக்காலத்தில் அப்பிரதேசத்தின் நீண்ட ஆயுள் அரசியல் பெருமையாக ஊதிப்பெருக்கப்பட்டது என்றும் சோவியத் விஞ்ஞானி சோரெஸ் மெட்வெடெவ் 1974இல் சுட்டிக்காட்டினார்.

இவை பின்தங்கிய மலைக்கிராமங்களின் பிரச்சினை என்று ஒதுக்கிவிடவும் முடியாது. 2010இல் ஜப்பானில், 111 வயதானவர் என்று பதிவிலிருந்த ஒருவர் சுமார் முப்பது ஆண்டுகளுக்கு முன்னரே இறந்துபோயிருந்தமை கண்டுபிடிக்கப்பட்டது. அதனைத் தொடர்ந்து குடும்பப் பதிவேடுகள் பரிசீலிக்கப்பட்டபோது, நூறு வயதைத் தாண்டியோராகப் பதியப்பட்டிருந்தவர்களுள் 2 இலட்சத்து 30 ஆயிரத்துக்கும் அதிகமானோர் இருக்குமிடம் தெரியாதவர்களாக இருந்தனர். பதிவேடு உயிரோடு வைத்திருப்பவர்களை எல்லாம் நீண்ட ஆயுளுக்குச் சாட்சியாகக் கொள்வதில் எவ்வளவு ஆபத்து இருக்கிறது என்பதை இது உணர்த்துகிறது.

நோய் நடையைக் குறைக்கிறதா?

வயது சரியாகப் பதியப்பட்ட நாடுகளில் நடத்தப்பட்ட ஆய்வுகளுக்கு வருவோம். அமெரிக்க ஆய்வாளர் றால்ஃப் பஃபென்பார்கர் ஹாவார்ட் பல்கலைக்கழகப் பழைய மாணவர்கள் 16,936 பேரைத் தொடர்ந்து அவதானித்து 1986இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். நடத்தல், படியேறுதல், விளையாடுதல் ஆகியவற்றில் வாரத்துக்கு 2,000 கலோரிக்கு மேல் செலவிட்டவர்களின் மரணவீதம், குறைவாகச் செலவிட்டவர்களினதைவிட கால்பங்கு முதல் மூன்றிலொரு பங்குவரை குறைவாக இருந்தது. ஆண்டுகளாகக் கணக்கிட்டால், எண்பது வயதுவரையான காலத்தில் கிடைத்த மேலதிக ஆயுள் ஓர் ஆண்டு முதல் இரண்டு ஆண்டுகளுக்குச் சற்று அதிகம்.

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். நாற்பது வயதிலிருந்து எண்பது வயதுவரை நாளொன்றுக்கு ஒரு மணித்தியாலம் நடப்பவர் மொத்தம் 14,600 மணித்தியாலங்கள் நடக்கிறார். இது 608 முழு நாட்கள். ஏறத்தாழ ஓர் ஆண்டும் எட்டு மாதங்களும். கிடைக்கும் ஆயுளும் நடந்து செலவிடும் காலமும் கிட்டத்தட்டச் சமன். 'மூன்றிலொரு பங்கு குறைவு' என்ற சொற்களுக்குப் பின்னால் இருக்கும் அளவு இதுதான்.

நடையை மாத்திரம் தனியாக ஆராய்ந்த ஆய்வுகளுள் ஹொனலூலூ ஆய்வு புகழ்பெற்றது. ஹவாய்த் தீவுகளில் வாழ்ந்த, ஜப்பானிய வம்சாவளியைச் சேர்ந்த, புகைபிடிக்காத, ஓய்வுபெற்ற ஆண்கள் 707 பேர் பன்னிரண்டு ஆண்டுகள் அவதானிக்கப்பட்டனர். 1998இல் வெளியான முடிவின்படி, நாளொன்றுக்கு ஒரு மைலுக்குக் குறைவாக நடந்தவர்களில் 40.5 சதவீதமானோரும், இரண்டு மைலுக்கு மேல் நடந்தவர்களில் 23.8 சதவீதமானோரும் அக்காலத்தில் இறந்தனர். வயது வேறுபாட்டைக் கணக்கிலெடுத்த பின்னர் கிடைத்த எண்களே இவை. வித்தியாசம் மிகப் பெரிது.

ஆனால், எழுபது வயதான ஒருவர் ஏன் ஒரு மைல்கூட நடப்பதில்லை? சோம்பல் ஒரு காரணமாகலாம். மூட்டுவலி, மூச்சுத்திணறல், இன்னும் கண்டறியப்படாத இருதயப் பலவீனம் அல்லது புற்றுநோய், மனச்சோர்வு ஆகியவையும் காரணங்களாகலாம். முதியோரின் நடைவேகத்தை அளந்தாலே அவர்களது எஞ்சிய ஆயுளை ஓரளவு ஊகிக்கலாம் என்று 34,000க்கும் அதிகமானோரின் தரவுகளைக்கொண்டு 2011இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினர். அப்படியாயின் நடை குறைவது நோயின் காரணமன்று, நோயின் அறிகுறி. ஹொனலூலூ ஆய்வாளர்கள் உடல் இயலாதவர்களை விலக்கியே தமது கணக்கைச் செய்தனர். ஆயினும் வெளியே தெரியாத நோயை எவராலும் முழுமையாக விலக்கிவிட முடியாது.

பத்தாயிரம் என்ற எண்

நாளொன்றுக்குப் பத்தாயிரம் அடிகள் நடக்கவேண்டும் என்ற அறிவுரை எந்த மருத்துவ ஆய்விலிருந்தும் பிறந்ததன்று. 1964ஆம் ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக் போட்டிகளை அடுத்து, 1965இல் ஜப்பானிய நிறுவனமொன்று அடிகளை எண்ணும் சிறு கருவியொன்றைச் சந்தைப்படுத்தியது. அதற்கு இடப்பட்ட பெயரின் பொருளே 'பத்தாயிரம் அடிமானி' என்பதாகும். முழு எண், நினைவில் வைத்திருக்க இலகுவானது. வியாபாரப் பெயர் காலப்போக்கில் மருத்துவ விதியாக மாறிவிட்டது.

அந்த எண்ணைச் சோதித்த ஆய்வுகளுள் ஹாவார்டைச் சேர்ந்த ஐ-மின் லீ குழுவினர் 2019இல் வெளியிட்டது முக்கியமானது. சராசரியாக 72 வயதுடைய 16,741 பெண்களுக்கு ஒரு வாரம் அளவுமானி அணிவித்து, பின்னர் நான்கு ஆண்டுகளுக்குச் சற்று அதிகமான காலம் அவர்களை அவதானித்தனர். பயன் சுமார் 7,500 அடிகளுடன் நின்றுவிட்டது. அதற்கு மேல் நடந்தவர்களுக்கு மேலதிக நன்மை தென்படவில்லை.

இவ்வாய்வின் எண்கள் வேறொரு பாடத்தையும் கற்பிக்கின்றன. பெண்களை நான்கு சம பிரிவுகளாக வகுத்தபோது, மிகக் குறைவாக நடந்த பிரிவில் 275 பேரும், மிக அதிகமாக நடந்த பிரிவில் 49 பேரும் இறந்திருந்தனர். பார்த்தவுடன் ஐந்திலொரு பங்கைவிடக் குறைவு என்று தோன்றும். வயதையும் ஏனைய உடல்நிலை வேறுபாடுகளையும் கணக்கிலெடுத்துச் சரிசெய்தபோது அது ஐந்தில் இரண்டு பங்களவுக்கு வந்தது. அளக்கமுடிந்த வேறுபாடுகளை நீக்கியபோதே இடைவெளி இவ்வளவு சுருங்கியதென்றால், அளக்கமுடியாதவற்றையும் நீக்க முடிந்தால் எவ்வளவு மிஞ்சும்? இதற்கு இந்த வகை ஆய்வுகளால் விடைகூற இயலாது.

யார் நடக்கிறார்கள்?

நடையே ஆயுளைக் கூட்டுமாயின், எமது மலையகத் தோட்டங்களில் கொழுந்துக் கூடையைச் சுமந்து நாள் முழுவதும் சரிவுகளில் ஏறி இறங்கும் பெண்களே இந்நாட்டில் மிக நீண்டகாலம் வாழவேண்டும். அவர்களை நீண்ட ஆயுளுக்கு உதாரணமாக எவரும் காட்டுவதில்லை. டென்மார்க்கின் கோப்பன்ஹேகனில் 104,046 பேரைக்கொண்டு நடத்தி 2021இல் வெளியிடப்பட்ட ஆய்வும் இதனையே எண்களில் சொல்கிறது. ஓய்வுநேர உடலுழைப்பு குறைந்த மரண ஆபத்துடன் சேர்ந்து காணப்பட்டது. தொழில்வழி உடலுழைப்போ கூடிய ஆபத்துடன் சேர்ந்து காணப்பட்டது.

காலையில் காலணி அணிந்து பூங்காவைச் சுற்றிவருபவருக்கு நேரம் இருக்கிறது. போஷாக்கான உணவு இருக்கிறது. நோய் வந்தால் வைத்தியசாலை இருக்கிறது. அவரது ஆயுளில் நடையின் பங்கு எவ்வளவு, வசதியின் பங்கு எவ்வளவு என்று பிரித்தறிவது எளிதன்று.

சோதனைகள் சொல்வது

இச்சிக்கலை அவிழ்க்கும் வழி ஒன்று உண்டு. மக்களைக் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவை நடக்கச்செய்து, இரண்டையும் ஒப்பிடுவதே அது. இம்முறையின் அவசியத்தை மருத்துவ உலகம் பெரும் விலைகொடுத்து உணர்ந்தது. மாதவிடாய் நின்ற பின்னர் ஹோர்மோன் மாத்திரை உட்கொள்ளும் பெண்களுக்கு இருதய நோய் மிகக் குறைவு என்று அவதானிப்பு ஆய்வுகள் பல ஆண்டுகளாகக் கூறிவந்தன. 16,608 பெண்களைக்கொண்ட அமெரிக்கச் சோதனை 2002இல் இடைநிறுத்தப்பட்டபோது, மாத்திரை உட்கொண்டவர்களிடம் மாரடைப்பு கூடுதலாகவே இருந்தது. மாத்திரையை நாடிய பெண்கள் ஏற்கனவே வசதியும் உடல்நலமும் மிக்கவர்களாக இருந்தமையே பழைய மயக்கத்தின் முக்கிய காரணங்களுள் ஒன்று.

உடற்பயிற்சியைப் பொறுத்தவரை, நோர்வேயில் 70 முதல் 77 வயதுவரையான 1,567 பேரிடம் ஐந்தாண்டுகள் நடத்தப்பட்ட சோதனையின் முடிவு 2020இல் வெளியானது. பயிற்சி அளிக்கப்பட்டவர்களில் 4.5 சதவீதமானோரும், வழமையான ஆலோசனை மாத்திரம் பெற்றவர்களில் 4.7 சதவீதமானோரும் இறந்தனர். வித்தியாசம் இல்லையென்றே சொல்லவேண்டும். ஆலோசனை பெற்றவர்களும் தாமாகவே உடற்பயிற்சி செய்தனர் என்பது இதற்கு ஒரு விளக்கம். இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. அந்நாட்டில் அதே வயதினரில் ஐந்தாண்டுகளில் சுமார் பத்துச் சதவீதமானோர் இறப்பர் என எதிர்பார்க்கப்பட்டது. இச்சோதனைக்கு முன்வந்தவர்கள் எந்தக் குழுவில் இருந்தாலும் அதில் பாதியளவிலேயே இறந்தனர். ஆரோக்கியமானவர்களே ஆய்வுகளுக்கு வருகின்றனர்.

அப்படியானால் நடப்பது வீண்தானா? இல்லை. எமக்கு மிக அண்மையில், சென்னையில், வைத்தியர் அ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்திய சோதனை 2006இல் வெளியானது. நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேர் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டனர். மூன்று ஆண்டுகளின் பின்னர், ஒப்பீட்டுக் குழுவில் இருந்தவர்களில் 55 சதவீதமானோர் நீரிழிவு நோயாளராகியிருந்தனர். விறுவிறுப்பான நடையையும் உணவுக் கட்டுப்பாட்டையும் மேற்கொண்டவர்களில் அது 39.3 சதவீதமாக இருந்தது. நூறு பேரில் ஏறத்தாழ பதினாறு பேர் அக்காலத்துக்குள் நோயிலிருந்து தப்பினர். நடையின் பங்கை உணவின் பங்கிலிருந்து பிரிக்க முடியாது என்றபோதிலும், இது குலுக்கல் சோதனை. எமது உடல்வாகும் உணவுப்பழக்கமும் கொண்ட மக்களிடம் நடத்தப்பட்டது. வீட்டுக்கு வீடு நீரிழிவு இருக்கின்ற எமது சமூகத்துக்கு, 47 சதவீதச் செய்திகளைவிட இந்தப் பதினாறு பேரின் கணக்கு பெறுமதி வாய்ந்தது.

ஆகவே, நடை பற்றிய புள்ளிவிபரங்களை ஒட்டுமொத்தமாக நம்பவும் வேண்டியதில்லை. ஒட்டுமொத்தமாகத் தள்ளிவிடவும் வேண்டியதில்லை. நடப்பது நீரிழிவைத் தள்ளிப்போட உதவும் என்பது சோதனைகளில் நின்றுபிடித்த உண்மை. நடப்பவர்கள் கூடுதல் காலம் வாழ்கின்றனர் என்பதும் உண்மை. நடந்தால் இத்தனை ஆண்டுகள் கூடும் என்பது மாத்திரம் இன்னும் நிரூபிக்கப்படவில்லை. செய்தியை வாசிக்கும்போது மூன்று விடயங்களைக் கேட்டுக்கொண்டால் போதுமானது: ஆயிரம் பேரில் எத்தனை பேருக்கு வித்தியாசம்? நடக்காதவர்கள் ஏன் நடக்கவில்லை? குலுக்கிப் பிரித்தார்களா, வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார்களா?

மொறிஸும் பஃபென்பார்கரும் 1996இல் விளையாட்டு விஞ்ஞானத்துக்கான சர்வதேச ஒலிம்பிக் குழுவின் முதலாவது பரிசைப் பகிர்ந்துகொண்டனர். நூற்றுக்கும் மேற்பட்ட மரதன் ஓட்டங்களை ஓடிய பஃபென்பார்கர் 2007இல் 84ஆவது வயதில் காலமானார். மொறிஸ் 2009இல் தமது 99ஆவது வயதில் மறைந்தார். இவ்விருவரின் வயதையும் வைத்து எதையும் நிறுவ முடியாது என்பதை அவர்களைவிட நன்கு அறிந்தவர்கள் இருந்திருக்க மாட்டார்கள்.